குளிர்பெட்டியும் நான் படிக்காத இயற்பியலும்

தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பதுதான் என் உத்தியோகம். ரிஷிவந்தியம், திருநாவலூர் என்று கீழே சமவெளியிலும், மேலே கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டியும், ஆரம்ப சுகாதார நிலையம் இருந்த இடத்தில் எல்லாம் ஒரு குளிர்பெட்டி இருந்தது. அது மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள். "மெக்கானிக் பாய் வந்துட்டாரு" என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. போன ஆடி மாதம், என் வேலைக்கு எனக்குப் பின் வந்த செல்வி போன் செய்தாள்.

"பாய், இந்த வருஷம் ஐ.டி.ஐ.ல நம்ம டிரேடுல டிகிரி முடிச்சவங்கதான் ஜாஸ்தியாம். பி.இ. முடிச்ச பசங்களே அப்ளிகேஷனோட நின்னுக்கினு இருந்தாங்களாம். நீங்க உங்க அனுபவத்த எழுதுங்களேன். படிச்சா அவுங்களுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்."

தெம்பு தருகிற விஷயம் என்னிடம் இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள் எதை விட்டுவிட்டு வந்து ஐ.டி.ஐ. வாசலில் நிற்கிறார்களோ, அதற்காகத்தான் நான் வாழ்நாள் முழுவதும் ஏங்கினேன். அந்தக் கதையை வேண்டுமானால் சொல்லலாம்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்குக் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் சின்னத் துணிக்கடை. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் விழுப்புரத்தில் பி.எஸ்சி. இயற்பியலுக்கு இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். சில வாரங்கள்தான் போனேன். ஜன்னலோரம் இடம். பேராசிரியர் கரும்பலகையில் வெப்பத்தைப் பற்றி எழுதிக்கொண்டே போவார். சுண்ணாம்புத் தூள் அவர் சட்டைக் கையில் படிந்திருக்கும். எனக்குப் பாதி புரியாது. புரியாமல் இருப்பதில்கூட ஒரு சந்தோஷம் இருக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அத்தாவுக்கு ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டது. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். மாமா வந்து உட்கார்ந்து பேசினார். "மூணு வருஷம் படிச்சு அதுக்கப்புறம் வேலை தேடிக்கினு அலையணும். ஐ.டி.ஐ.ல ஃப்ரிட்ஜ் மெக்கானிக் படி. முடிச்ச கையோட சோறு போடும்." அவர் சொன்னதில் தப்பில்லை. அது சோறு போட்டது. தங்கைகளுக்கு நிக்காஹ் ஆனது. வீடு நிமிர்ந்தது.

தாமிரக் குழாயை வெட்டுவது, வாயை விரிப்பது, பற்றவைப்பது, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடிப்பது எல்லாம் ஐ.டி.ஐ.யில் கைக்கு வந்தன. கடலூரில் மீனுக்கு ஐஸ் போடும் தொழிற்சாலை ஒன்றில் பழகுநராக இருந்தேன். பிறகு வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் சுகாதாரத் துறைக்குக் கூப்பிட்டார்கள்.

தடுப்பூசி மருந்துக்கு இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் குளிர் வேண்டும். அதற்கு மேலே போனால் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். கீழே போனாலும் கெடும் என்பது பல பேருக்குத் தெரியாது. நான் எந்த நிலையத்துக்குப் போனாலும் முதலில் பெட்டியைத் திறக்க மாட்டேன். பக்கத்தில் நின்று காது கொடுப்பேன். கம்ப்ரெசர் கொஞ்ச நேரம் ஓடும், 'டக்'கென்று நிற்கும், மறுபடி ஓடும். ஓடாவிட்டால் நோய். நிற்காவிட்டாலும் நோய். அதற்குப் பிறகுதான் மூடியைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்ப்பேன்.

எங்கள் மேலதிகாரி டாக்டர் கமலவேணி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, பருத்திப் புடவை, தோளில் துணிப்பை. யாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், திட்டும்போதும் அப்படித்தான். மாதாந்திரக் கூட்டத்தில் டாக்டர்கள் நாற்காலியில் இருப்பார்கள், நான் கதவோரம் நிற்பேன். அவர் பொறுப்புக்கு வந்த முதல் கூட்டத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, "பாய்க்கு ஒரு சேர் போடுங்க. பெட்டியைப் பத்திப் பேசும்போது அவர் நின்னுக்கிட்டிருந்தா எனக்குப் பேச வரல" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. அவர் ஒருநாளும் "ரெடியா?" என்று கேட்டதில்லை. "உள்ளே எத்தனை டிகிரி?" என்றுதான் கேட்பார். பதில் சொன்ன பிறகு தானும் குனிந்து பார்ப்பார். நம்பிக்கையில்லாமல் அல்ல. அது அவர் பழக்கம். கை கழுவுவது மாதிரி.

இனி அந்த மலை விஷயம். வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சின்ன சுகாதார நிலையம். பெயர் வேண்டாம். ஐப்பசி அடைமழை. புயல் காற்றில் மரங்கள் விழுந்து மலை முழுக்க மின்சாரம் போய், பிறகு வந்திருந்தது. தடுப்பூசி போடும் புதன்கிழமை. டாக்டரம்மா ஆய்வுக்குக் கிளம்பும்போது, "மழைக்குப் பிறகு பெட்டி எல்லாம் எப்படி இருக்குன்னு பாத்துடலாம், வாங்க" என்று என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். மலைப்பாதையில் விழுந்த மரங்களை ஒதுக்கியிருந்தார்கள். வளைவுக்கு வளைவு பனிமூட்டம்.

போய்ச் சேர்ந்தபோது தாழ்வாரத்தில் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து நடந்தே வந்தவர்கள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. பிள்ளைகளைப் போர்வையில் சுருட்டி மடியில் வைத்திருந்தார்கள். ஓடை நிறையத் தண்ணீர் போனதால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தாண்டி வந்ததாகச் சொன்னார்கள்.

நான் மருந்தறைக்குள் போய்ப் பெட்டி பக்கத்தில் நின்றேன். கம்ப்ரெசர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டே இருந்தேன். அது ஓடிக்கொண்டே இருந்தது.

மருந்தாளுநர் முகத்தில் பெருமை. "கரண்ட் வந்ததுலேர்ந்து சூப்பரா கூலிங் ஆவுது பாய். மின்ன எப்பவும் இப்பிடி ஆனதில்ல."

மூடியைத் திறந்தேன். உள் சுவரெல்லாம் பனி வெள்ளையாகப் படிந்து கிடந்தது. சுவரோரம் இருந்த முத்தடுப்பு ஊசிக் குப்பிகள் சிலவற்றில் மருந்து கல்லாக உறைந்திருந்தது. நடுக்கூடையில் இருந்தவை தண்ணீராகத்தான் தெரிந்தன. மின்சாரம் திரும்பி வந்த வேகத்தில் தெர்மோஸ்டாட் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. போதும் நிறுத்து என்று சொல்ல வேண்டிய உறுப்பு அது. அதுதான் வாய் மூடிக் கிடந்தது. நான் வெளியே வந்து டாக்டரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் உறைந்த குப்பி ஒன்றையும், நடுக்கூடையிலிருந்து அதே வகைக் குப்பி ஒன்றையும் எடுத்தார். உறைந்ததை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு உருகும்வரை உட்கார்ந்திருந்தார்.

மருந்தாளுநருக்குப் பொறுக்கவில்லை. "உருகிட்டா சரியாயிடும் இல்ல மேடம்?"

"பாப்போம்ங்க."

ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போடச் சொன்னார். இரண்டு குப்பிகளையும் ஒரே கையில் பிடித்து நன்றாகக் குலுக்கினார். மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தாய்மார்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலில் வந்து நின்றார்கள். மருந்து ஒருவகை உப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், உறைந்தால் அதை விட்டுப் பிரிந்துவிடும், நல்ல மருந்தாக இருந்தால் நீர்மோர் மாதிரி கலங்கலாகவே நிற்கும் என்று அவர்களிடமே சொன்னார். எல்லாரும் அந்தக் குப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உறைந்து உருகிய குப்பியில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தெளிந்த தண்ணீர் தெரிந்தது. வெள்ளைத் துணுக்குகள் கீழே இறங்கின. நடுக்கூடைக் குப்பியிலும் அதே வேகத்தில் இறங்கின.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் டாக்டரம்மா. "எதையும் போடக்கூடாது."

நர்ஸ் அவர் காதருகே குனிந்து பேசினாள். "மேடம், திருப்பி அனுப்பிட்டா அடுத்த தபா ஒருத்தரும் வர மாட்டாங்க. எவ்ளோ தூரம் நடந்து வந்துக்கினு..."

"இதைப் போட்டா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. நல்லதும் ஆகாது. ஊசி போட்டாச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. கக்குவான் வரும்போதுதான் தெரியும். எனக்கு அதுதான் பயம்."

அப்போது வாசலில் நின்ற ஒரு பெண் கேட்டாள். சின்னப்பொண்ணு என்று பெயர். மடியில் மூன்றாவது பிள்ளை. "அப்பிடின்னா போன மாசம் போட்டதும் கெட்ட மருந்துதானா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "பாய், இது எப்பலேருந்து நிக்காம ஓடுது?"

பனியின் கனத்தைப் பார்த்தால் நாள்கணக்குதான், மாதக்கணக்கு இல்லை என்று தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நிலையத்திலேயே தங்கியிருந்த நர்ஸிடம், "ராத்திரியில இந்தச் சத்தம் எப்பலேர்ந்தும்மா?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "புயல் முடிஞ்சு கரண்ட் வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுது. தூங்கவே வுடல. அதுக்கு மின்ன நின்னு நின்னுதான் ஓடும்."

போன மாத ஊசி புயலுக்கு முன்னால் போட்டது. ஆனால் மின்சாரம் வந்த பிறகு இரண்டு கர்ப்பிணிகளுக்கு இரண ஜன்னி ஊசி போட்டிருந்தார்கள். டாக்டரம்மா தாழ்வாரத்துக்குப் போய், எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி கெட்டுப்போயிருந்தது, போன மாத மருந்து நல்ல மருந்து, இன்றைக்கு இருப்பது வேண்டாம், இரண்டு பேருக்குத் திரும்பப் போட வேண்டும், கீழிருந்து புது மருந்து வரும்வரை இருக்க முடியுமா என்று கேட்டார்.

சின்னப்பொண்ணு பிள்ளையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள். "இம்மாந்தூரம் வந்தாச்சு. இருக்கறம்."

அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஜீப் மருந்துக்காகக் கீழே இறங்கியது. நர்ஸ் அடுப்பு மூட்டி ரவை கிளறினாள்.

நான் பெட்டியை அணைத்துவிட்டு, பனி உருகிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தேன். பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். அதிலிருந்து நூல்மாதிரி ஒரு குழாய் உள்ளே போகும். அதன் நுனிதான் குளிரை உணரும். என் கருவிப்பையில் இருந்த புதியதன் குழாயை மடங்காமல், நசுங்காமல் பழைய இடத்தில் உட்கார வைத்தேன். அது கொஞ்சம் நசுங்கினாலும் வேலைக்கு ஆகாது. தெர்மாமீட்டரைக் கூடையின் நடுவில் வைத்து மூடினேன். சுவிட்சைப் போட்டேன்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டும். கம்ப்ரெசர் ஓடியது. வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது. டாக்டரம்மா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜீப் வந்துவிட்டால் மருந்தை எங்கே வைப்பது என்று அவர் கேட்கவில்லை. என் மனதுக்குள் மட்டும், நில்லு, நில்லு என்று ஓடிக்கொண்டிருந்தது.

'டக்.'

அறையில் சத்தமே இல்லை. தாழ்வாரத்தில் ஒரு பிள்ளை இருமுவது கேட்டது. மூடியைத் திறந்து பார்த்தேன். "நாலு டிகிரிங்கம்மா" என்றேன். அவரும் குனிந்து பார்த்தார்.

சாயங்காலத்துக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாகிவிட்டது. அந்த இரண்டு கர்ப்பிணிகளின் வீட்டுக்கும் டாக்டரம்மாவே மருந்துப்பெட்டியோடு நடந்து போனார். சேற்றில் செருப்பு நிற்காததால் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பெட்டியை நான் சுமந்துகொண்டு பின்னாலேயே போனேன்.

திரும்பி ஜீப்பில் மலை இறங்கும்போது எனக்குள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன். "உறைஞ்சா மருந்து உப்பை விட்டுப் பிரிஞ்சுடுதுன்னு சொன்னீங்க. உருகினா ஏன் மறுபடி ஒட்டிக்க மாட்டேங்குது? போன வழியிலயே ஏன் திரும்பி வர மாட்டேங்குது?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நெசமாவே எனக்குத் தெரியாதுங்க, பாய். கெட்டுப்போகும்னு தெரியும். ஏன் திரும்பாதுங்கறது பிசிக்ஸ்காரங்களைத்தான் கேக்கணும். நீங்க பிசிக்ஸ் படிச்சீங்களா?"

"கொஞ்ச நாள் போனேங்கம்மா."

"அப்ப போய் முடிங்க. வயசா ஆயிடுச்சு உங்களுக்கு?"

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அஞ்சல் வழியில் படிக்கலாமா என்று விசாரித்தேன். வரலாறு படிக்கலாம், தமிழ் படிக்கலாம், வணிகவியல் படிக்கலாம் என்றார்கள். இயற்பியலுக்கு ஆய்வகம் உண்டு, அதற்கு நேரில் வர வேண்டும், அதனால் கிடையாது என்றார்கள். "ஏதோ ஒரு டிகிரி வாங்கிப் போட்டுக்க வேண்டியதுதானே" என்றாள் என் மனைவி. அவளுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. பெயருக்குப் பின்னால் போட எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா மாற்றலாகிப் போனார். நான் பெட்டிகளோடு இருந்தேன். பேருந்தில் போகும்போது கல்லூரி நிறுத்தத்தில் புத்தகத்தோடு ஏறும் பிள்ளைகளுக்கு எழுந்து இடம் கொடுப்பேன். பெரியவர் எழுந்திருக்கிறாரே என்று கூச்சப்படுவார்கள். நான் அவர்கள் மடியிலிருக்கும் புத்தகத்தின் முதுகில் என்ன பெயர் என்று பார்ப்பேன்.

கொரோனா தடுப்பூசி வந்த சமயத்தில் வேலை தலைக்கு மேலே போனது. அப்போதுதான் ஒப்பந்த அடிப்படையில் செல்வியை அனுப்பினார்கள். திருநாவலூர்ப் பக்கத்தில் குத்தகைக்குப் பயிர் வைக்கும் குடும்பம். கை சுத்தம், வேலையில் பதற்றம் இல்லை. கொஞ்ச நாள் கழித்துத்தான் அவள் பி.இ. மெக்கானிக்கல் என்று எனக்குத் தெரிந்தது. அதுவும் தற்செயலாக.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா பாவம்னு பாக்கறாங்க பாய். சென்னையில கம்பெனி கம்பெனியா ஏறி எறங்கினேன். கால் சென்டர்ல கூட இருந்தேன். அப்புறம்தான் ஐ.டி.ஐ. வந்து சேந்தேன். அம்மா ஊர்ல இன்னும் எம்பொண்ணு இஞ்சினியருன்னுதான் சொல்லிக்கினு இருக்குது. நீங்க குடுத்து வெச்சவரு பாய். நேரா தொழிலுக்கு வந்துட்டீங்க. நாலு வருஷம் வீணாக்கல."

அவளை அவ்வளவு பொறாமையோடு நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. டீயைக் குடித்தேன். பிறகு, பல வருடங்களாக யாரிடமும் கேட்காததை அவளிடம் கேட்டேன். ஆறின தண்ணி ஏன் தானாகச் சூடாவதில்லை? கெட்டது ஏன் போன வழியில் திரும்புவதில்லை?

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். என் பட்டறைத் தட்டை எடுத்து, ஒரு பக்கம் பித்தளை வாஷர்களையும் மறுபக்கம் இரும்பு வாஷர்களையும் அடுக்கினாள். "குலுக்குங்க பாய்."

குலுக்கினேன். கலந்தன.

"இன்னும் குலுக்குங்க. பிரியுதா?"

"எங்க பிரியும்?"

"பிரியக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. ஆனா கலந்து கெடக்கறதுக்கு வழி ஏராளம். பிரிஞ்சு நிக்கறதுக்கு வழி ரொம்பக் கம்மி. குலுக்கற கைக்கு எது தெரியும்? ஜாஸ்தியா இருக்கற பக்கந்தான் போவும். சூடும் அப்பிடித்தான். பரவறதுக்குத்தான் வழி ஜாஸ்தி."

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப மறுபடி பிரிக்கணும்னா யாராவது கை வெச்சுப் பொறுக்கணும்."

"அந்தக் கைதான் பாய் கம்ப்ரெசர்."

இத்தனை வருடங்களாக நான் தொட்டுக்கொண்டிருந்த பொருள் எது என்று அன்றைக்குத்தான் எனக்கு ஒருத்தி சொன்னாள். நிமிர்ந்து செல்வியைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல பாய். படிச்சு முடிச்சதுலேர்ந்து இன்னா சம்பளம், எப்ப வேலைன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. படிச்சத யாருமே கேட்டதில்ல. எனக்கு இது ரொம்பப் புடிச்ச பாடம்."

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை மதியச் சாப்பாட்டுக்குப் பின் தினமும் கொஞ்ச நேரம் அவள் சொல்லுவாள், நான் கேட்பேன். கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் கிடைத்தது. பதில் கிடைத்தால் ஏக்கம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை. நான் ஏங்கியது பதிலுக்கு மட்டும் இல்லைபோல. பதினேழு வயதில் காலையில் குளித்துவிட்டுப் போய் அந்த ஜன்னலோரம் உட்காருவதற்கு. அதை யாரால் கொண்டுவந்து கொடுக்க முடியும்?

இப்போதும் சின்னச் சின்ன வேலைகளுக்குக் கூப்பிடுகிறார்கள். சமீபத்தில் ஒரு கல்லூரியில் குடிதண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம் ஓடவில்லை என்று அழைத்தார்கள். நீண்ட தாழ்வாரத்தில், ஒரு வகுப்பறை வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பின்னால் இருந்த விசிறி மோட்டார் எரிந்திருந்தது. மாற்றினேன். உள்ளே பாடம் தொடங்கியது. ஓர் இளம் ஆசிரியை. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது ஏன் வளைகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். பிள்ளைகளில் ஒருவன் கொட்டாவி விட்டான். சுண்ணாம்புக் கட்டி பலகையில் நகரும் சத்தம் கேட்டது.

ஒரு மாணவி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் குடித்துப் பார்த்து, "ஜில்லுனு வருதே" என்று சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆசிரியை வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார். "முடிஞ்சிருச்சாங்க ஐயா?"

"இல்லம்மா. இன்னும் கொஞ்சம் இருக்குது. நீங்க பாடம் நடத்துங்க."

அவர் மறுபடியும் கரும்பலகைக்குப் போனார். நான் தரையில் உட்கார்ந்து, அப்போதுதான் மாட்டி முடித்த பின்தகட்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினேன்.